அனைத்துலகப் போட்டிகளை வீட்டிலிருந்து பார்ப்பது: நெடுநாள் பார்வையாளர் ஒருவரின் அனுபவம்

ஒலிம்பிக், உலகக் கிண்ணக் காற்பந்து, ஆசிய விளையாட்டுப் போட்டி, தென்கிழக்காசிய விளையாட்டுப் போட்டி ஆகிய நான்கையும் சிங்கப்பூரில் வீட்டுத் தொலைக்காட்சி வழியாகவே பல ஆண்டுகளாகப் பின்தொடர்ந்து வருகிறேன். எங்கள் வீட்டில் மூன்று ஏற்பாடுகள் உண்டு. சன்னலோரம் வைத்திருக்கும் சிறிய ஆண்டெனாவில் இலவச ஒளிவழிகள் வருகின்றன. மாதச் சந்தா கட்டும் கட்டணத் தொலைக்காட்சி இருக்கிறது. மீவாட்ச் போன்ற இணையச் சேவைகளைக் கைப்பேசியிலும் பெரிய திரையிலும் பார்க்கிறோம். இவற்றை மாறி மாறிப் பயன்படுத்தியதில் எனக்கு உறுதியாகிவிட்ட கருத்து ஒன்று இருக்கிறது. படத்தின் தெளிவிலும், பார்க்கக் கிடைக்கும் போட்டிகளின் எண்ணிக்கையிலும் வெகுதூரம் வந்துவிட்டோம். திரையில் நடப்பதை விளங்க வைக்கும் வர்ணனையில், அதிலும் தமிழ் வர்ணனையில், அந்த வளர்ச்சி இன்னும் வந்து சேரவில்லை.

எவ்வளவு மாறியிருக்கிறது என்பதற்கு 2016 ரியோ ஒலிம்பிக்கை நினைத்துப் பார்க்கலாம். ஆசிய நாடுகள் பலவற்றுக்கான ஒளிபரப்பு உரிமை அப்போது ஜப்பானின் டென்ட்சு நிறுவனத்திடம் இருந்தது. உரிமைக் கட்டணம் பற்றிய பேச்சுவார்த்தை இழுத்துக்கொண்டே போனதால், தொடக்க விழாவுக்குச் சில நாள்கள் முன்புவரை இங்கே நேரலை உண்டா என்பதே தெரியாமல் இருந்தது. கடைசி நேரத்தில் உடன்பாடு ஏற்பட்டது. ஆகஸ்ட் 13, சனிக்கிழமை காலை ஒன்பது மணியளவில் ஜோசப் ஸ்கூலிங் 100 மீட்டர் வண்ணத்துப்பூச்சி நீச்சலில் 50.39 விநாடியில் முதலாவதாகச் சுவரைத் தொட்டதையும், மைக்கல் ஃபெல்ப்ஸ், சாட் லே குளோஸ், லாஸ்லோ செ ஆகிய மூவரும் 51.14 விநாடியில் ஒன்றாகத் தொட்டு வெள்ளியைப் பகிர்ந்துகொண்டதையும் நடக்கும்போதே பார்க்க முடிந்தது அந்த உடன்பாட்டினால்தான். சிங்கப்பூரின் முதல் ஒலிம்பிக் தங்கத்தைச் சுருக்கத் தொகுப்பாக மட்டும் பார்க்க நேர்ந்திருந்தால், அந்த வருத்தம் இந்நாட்டு விளையாட்டு ரசிகர்களுக்கு ஆயுளுக்கும் தீர்ந்திருக்காது. அதன்பின் நடந்த தோக்கியோ, பாரிஸ் ஒலிம்பிக்குகளின்போது ஒரே நேரத்தில் பல அரங்குகளின் நேரலைகளில் வேண்டியதைத் தேர்ந்தெடுத்துப் பார்க்கும் வசதி வந்துவிட்டது. இந்த மாற்றத்தை நான் மனதாரப் பாராட்டுகிறேன்.

உலகக் கிண்ணத்தின் கதை வேறு. 2010ஆம் ஆண்டு முன்பதிவுச் சலுகை முடிந்தபின் வரியையும் சேர்த்து 94.16 வெள்ளி, 2014ஆம் ஆண்டு 112.35 வெள்ளி, 2022ஆம் ஆண்டு முன்பதிவுக்கு 98 வெள்ளி, அதன்பின் 118 வெள்ளி எனக் கட்டணத் தொலைக்காட்சியில் அதைப் பார்ப்பதற்கான கட்டணம் அமைந்தது. முக்கியமான சில நிகழ்ச்சிகளைக் கட்டண நிறுவனங்கள் தமக்கு மட்டும் என்று வளைத்துக்கொள்ளக்கூடாது என்ற விதி இங்கே இருப்பதால், தொடக்க ஆட்டமும் அரையிறுதிகளும் இறுதியாட்டமும் எல்லார் வீட்டுக்கும் வருகின்றன. 2014ஆம் ஆண்டு அந்த நான்கு ஆட்டங்களே இலவசம். 2022ஆம் ஆண்டு 64 ஆட்டங்களில் ஒன்பது இலவசமாகக் கிடைத்தன. எங்கள் புளோக்கின் கீழ்த்தளத்தில் மாலையில் கூடும் பெரியவர்கள் இது மிகக் குறைவு என்கிறார்கள். எல்லைக்கு அப்பால் மலேசிய ஒளிவழிகளில் கூடுதல் ஆட்டங்கள் கிடைத்த காலத்தை அவர்கள் மறக்கவில்லை. என் மருமகனோ, ஒரு மாதப் பொழுதுபோக்குக்கு நூறு வெள்ளி அதிகமில்லை என்கிறான். வேலை பார்க்கும் இளைஞனுக்கு அது சரியாக இருக்கலாம். சேமிப்பை நம்பி வாழும் முதியவருக்கு அது ஒரு வாரத்துச் சந்தைச் செலவு என்பதால், பெரியவர்கள் பக்கமே நியாயம் இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. அவர்களுக்குப் பெரிய துணையாக இருப்பவை சமூக மன்றங்களில் நடக்கும் நேரலைத் திரையிடல்கள்.

பல ஆண்டுகள் பயன்படுத்தியபின்தான் தெரியவரும் ஒன்று, நேர இடைவெளி. 2022 டிசம்பர் 18ஆம் தேதி இரவு அர்ஜென்டினாவும் பிரான்சும் மோதிய இறுதியாட்டத்தை வரவேற்பறையில் ஆண்டெனா வழியாகவும் உள்ளறையில் இணையம் வழியாகவும் பார்த்துக்கொண்டிருந்தோம். எம்பாப்பே 97 விநாடிகளுக்குள் இரண்டு கோல் போட்ட அந்தக் கட்டத்தில், உள்ளறைத் திரையில் அவர் பெனால்டிக்குப் பந்தை வைத்துக்கொண்டிருக்கும்போதே வரவேற்பறையில் ஆரவாரம் எழுந்து அடங்கியது. உள்ளறையில் முதல் கோல் விழுந்த மகிழ்ச்சி தணிவதற்குள் மேல்மாடியிலிருந்து அடுத்த கூச்சல் கேட்டது. உள்ளறையில் இருந்தவர்களுக்கு அந்த இரண்டு கோல்களும் கண்ணுக்கு முன்பே காதுக்கு வந்துவிட்டன. இணைய ஒளிபரப்பில் காணொளி சில விநாடித் துண்டுகளாக வெட்டப்பட்டு வருகிறது; நடுவில் தடைப்படாமல் இருக்கக் கருவி சில துண்டுகளைச் சேர்த்து வைத்துக்கொண்டுதான் ஓட்டத் தொடங்குகிறது. ஆண்டெனாவில் வரும் மின்னிலக்க ஒளிபரப்பில் இந்தக் காத்திருப்பு மிகக் குறைவு. சுவருக்குச் சுவர் ஒட்டி வாழும் வீவக அடுக்குமாடி வீடுகளில் இந்த அரை நிமிட வேறுபாடு பெரிய வேறுபாடு. ஆகவே இலவச ஒளிவழியில் வரும் எந்த ஆட்டத்தையும் ஆண்டெனாவிலேயே பார்க்குமாறு எல்லாரிடமும் சொல்லி வருகிறேன். மழை நாளிலும் என் ஆண்டெனா ஏமாற்றியதில்லை. இணையச் சேவை ஒன்று மட்டும், ஆட்டம் சூடு பிடித்த நேரத்தில் உள்நுழைவுச் சொல்லை மறுபடி கேட்டு எங்களைத் தவிக்கவிட்டதுண்டு.

இனி வர்ணனைக்கு வருகிறேன். ஒலிம்பிக் படங்களை ஒவ்வொரு நாடும் தனித்தனியே எடுப்பதில்லை. 2001ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட ஒலிம்பிக் ஒளிபரப்புச் சேவை எல்லா அரங்குகளிலும் படமெடுத்து, உரிமை பெற்ற நிறுவனங்கள் அனைத்துக்கும் ஒரே படத்தை அனுப்புகிறது. உலகம் முழுவதற்கும் பொதுவான அந்தப் படத்தில் கேமரா முன்னணியில் ஓடுபவரையே பின்தொடரும். முதல் சுற்றில் ஐந்தாவதாக வரும் சிங்கப்பூர் வீரரைக் காட்டச் சொல்லி நம்மால் கேட்க முடியாது. படத்தை மாற்ற இயலாத நிலையில், நமக்கென்று சேர்க்கக்கூடியது குரல் ஒன்றுதான். நம் வீரர் எந்தத் தடத்தில் இருக்கிறார், அவருடைய தேசியச் சாதனை எவ்வளவு, அடுத்த சுற்றுக்குப் போக எந்த நேரம் வேண்டும் என்று உள்ளூர் வர்ணனையாளர் சொல்லிக்கொண்டே வந்தால், திரையின் ஓரத்தில் தெரியும் அந்தச் சிறு உருவமும் நமக்கு முழு ஓட்டமாக விரியும்.

பாரிஸில் மெக்சிமிலியன் மேடர் வெண்கலம் வென்ற காற்றாடிப் படகோட்டப் போட்டி, அதாவது பெரிய பட்டம் இழுக்கப் பலகைமேல் நின்று கடலில் விரையும் போட்டி, இதற்கு நல்ல சான்று. ஒலிம்பிக்கில் அப்போதுதான் முதன்முறையாகச் சேர்க்கப்பட்ட விளையாட்டு அது. காற்று இல்லாததால் இறுதிச் சுற்று ஒருநாள் தள்ளிப்போய், ஆகஸ்ட் 9ஆம் தேதி, நம் தேசிய தினத்தன்று நடந்தது. பதினேழு வயதுப் பிள்ளை களத்தில் இருக்கிறான் என்பதற்காகவே வீட்டில் எல்லாரும் உட்கார்ந்தோம்; ஆனால் என்ன நடக்கிறது என்பது பாதிப் பேருக்குப் புரியவில்லை. அந்தப் போட்டியின் இறுதியில் நான்கு பேர் மோதுகிறார்கள். முதலில் மூன்று வெற்றி பெறுபவருக்குத் தங்கம். தொடக்கச் சுற்றுகளில் முதலிடம் பிடித்தவர் இரண்டு வெற்றிகளையும், இரண்டாமிடம் பிடித்தவர் ஒரு வெற்றியையும் கையில் வைத்துக்கொண்டே இறுதிக்கு வருகிறார். இந்த ஒரு விதி தெரியாவிட்டால், ஒவ்வோர் ஓட்டம் முடிந்ததும் யார் முன்னணியில் இருக்கிறார் என்பதே விளங்காது. காற்றுக்காகக் காத்திருந்த நீண்ட நேரத்தில் இதை ஒருவர் பொறுமையாக, வரிசையாகச் சொல்லியிருந்தால் அந்த வெண்கலத்தின் அருமை இன்னும் பல வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்திருக்கும்.

உடற்குறையுள்ளோர் ஒலிம்பிக்குக்கு இது இன்னும் பொருந்தும். பாரிஸில் இரண்டு தங்கம் வென்று, தம் மொத்தத் தங்கங்களை ஏழாக்கிய யிப் பின் சியூ எஸ்2 பிரிவில் நீந்துகிறார். உடற்குறை தொடர்பான நீச்சல் பிரிவுகள் ஒன்றிலிருந்து பத்து வரை செல்கின்றன. எண் சிறிதாகச் சிறிதாக உடலின் இயக்கத் தடை கூடுதல். இது தெரிந்து பார்ப்பவருக்கு, கை கால் வலுக்குறைந்த ஒருவர் மல்லாந்து நூறு மீட்டரை நீந்திக் கடப்பது எப்பேர்ப்பட்ட செயல் என்பது மெய்சிலிர்க்க விளங்கும்.

என் அம்மாவுக்கு எழுபது வயதுக்கு மேல் ஆகிறது. காற்பந்தையும் ஓட்டப்பந்தயத்தையும் விரும்பிப் பார்ப்பவர். ஆங்கில வர்ணனை அவருக்குப் பிடிபடாது. 2023 அக்டோபர் 2ஆம் தேதி ஹாங்ஜோவில் சாந்தி பெரேரா 200 மீட்டர் ஓட்டத்தில் 23.03 விநாடியில் தங்கம் வென்ற மாலையில், வர்ணனையாளர் குரல் உயர உயர அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, “என்னப்பா சொல்றாங்க? நம்ம புள்ள ஜெயிச்சிருச்சா?” என்று கேட்டார். வென்றுவிட்டார் என்று சொன்னேன். ஆசிய விளையாட்டுத் தடகளத்தில் 1974ஆம் ஆண்டு 400 மீட்டர் ஓட்டத்தில் சீ சுவீ லீ வென்றதற்குப் பிறகு சிங்கப்பூருக்குக் கிடைக்கும் முதல் தங்கம் என்று விளக்கியபோது, அம்மாவின் கண்கள் கலங்கிவிட்டன. 1974 அவருக்கு நினைவிருக்கும் ஆண்டு. அந்தச் செய்தியைத் தொலைக்காட்சியே அவருக்குத் தமிழில் சொல்லியிருக்க வேண்டும் என்று அன்று முதல் எண்ணி வருகிறேன்.

அப்படி நடக்க முடியாது என்று சொல்வதற்கில்லை. தேசிய தின அணிவகுப்பை ஒவ்வோர் ஆண்டும் வசந்தம் ஒளிவழியில் தமிழ் வர்ணனையுடன் பார்க்கிறோம். நேரலைக்குத் தமிழில் பேசும் திறமை இங்கேயே இருக்கிறது. தமிழில் விளையாட்டு வர்ணனைக்கு மரபும் உண்டு. 1980களில் வானொலியில் சாத்தான்குளம் அப்துல் ஜப்பாரின் கிரிக்கெட் வர்ணனையைக் கேட்டவர்கள், பந்து போகும் திசையைக் கண்ணால் பார்த்தது போல் இருந்ததாக இன்றும் சொல்வார்கள். 2017ஆம் ஆண்டு இந்தியாவில் ஸ்டார் ஸ்போர்ட்ஸ் தமிழ் தொடங்கியபின், முழுநேரத் தமிழ் விளையாட்டு ஒளிவழியே நடைமுறைக்கு வந்துவிட்டது. அங்கே வர்ணனையில் கேலியும் அரட்டையும் சற்று மிகுதி என்பது என் கருத்து. நமக்கு வேண்டியது நிதானமாக விதியைச் சொல்லி, எண்ணைச் சொல்லி, வீரரின் பின்னணியைச் சொல்லும் குரல். எல்லாப் போட்டிகளுக்கும் வேண்டும் என்று கேட்கவில்லை. சிங்கப்பூர் வீரர் பதக்கத்துக்கு மோதும் இறுதிச் சுற்றுகளுக்கு மட்டுமாவது, விருப்பமுள்ளவர் மாற்றிக்கொள்ளும்படி ஒரு தமிழ் ஒலித்தடம் இருக்கலாம்.

புரியும்படி காட்டினால் மக்கள் எதையும் பார்ப்பார்கள் என்பதை 2024 நவம்பர், டிசம்பரில் செந்தோசாவில் நடந்த உலகச் சதுரங்க வெற்றியாளர் போட்டி எனக்குக் காட்டியது. சென்னைப் பிள்ளை குகேஷ், அப்போதைய உலக வெற்றியாளரான சீனாவின் டிங் லிரெனுடன் மோதியதால் எங்கள் உறவினர் பலர் இணையத்தில் தொடர்ந்து பார்த்தார்கள். அவர்களில் பாதிப் பேருக்குக் குதிரை எப்படி நகரும் என்பதுகூடத் தெரியாது. பலகைக்கு அருகே யார் கை ஓங்கியிருக்கிறது என்று காட்டும் கறுப்பு வெள்ளைப் பட்டை ஒன்றே அவர்களை உட்கார வைத்தது. பதினான்காவது ஆட்டத்தில் டிங் 55வது நகர்த்தலில் யானையைத் தவறான கட்டத்தில் வைத்தபோது, அந்தப் பட்டை முழுவதும் ஒரு பக்கம் சரிந்ததைப் பார்த்து என் சித்தி எழுந்து நின்றுவிட்டார். பதினெட்டு வயதில் குகேஷ் உலக வெற்றியாளர் ஆனதை அவரும் அந்த நொடியிலேயே உணர்ந்தார்.

புதிதாக ஏற்பாடு செய்ய நினைப்பவர்களுக்கு என் பரிந்துரை இதுதான். ஆண்டெனாவை முதலில் பொருத்திக்கொள்ளுங்கள். இணையச் சேவையைத் தொலைக்காட்சியில் திறந்து, பெரிய போட்டிக்கு முந்தைய நாளே உள்நுழைந்து வையுங்கள். உலகக் கிண்ணச் சந்தாவை முன்பதிவுச் சலுகையில் மட்டும் வாங்குங்கள். அமெரிக்கக் கண்டத்தில் நடக்கும் போட்டி என்றால் பெரும்பாலான ஆட்டங்கள் நள்ளிரவிலிருந்து முற்பகல் வரையில் விழும் என்பதால், வேலைக்குப் போகிறவர்கள் எத்தனை ஆட்டம் பார்க்க முடியும் என்று கணக்கிட்டபின் பணம் கட்டுங்கள். ஆசியாவில் நடக்கும் போட்டிகள் நம் மாலை நேரத்தோடு ஒத்துப்போகும். குடும்பத்தோடு பார்க்க அவையே சிறந்தவை. நேயர் கருத்துக் கேட்கும் படிவம் எங்கே கிடைத்தாலும் தமிழ் ஒலித்தடம் வேண்டும் என்று எழுதுங்கள். நான் ஒவ்வொரு முறையும் எழுதுகிறேன்.