கட்டுரை வாசிப்பா, போஸ்டரா?

நாகர்கோவிலில் வரலாறு படிக்கும் பிள்ளைகள் முதல் கருத்தரங்குக்கு ஆய்வை அனுப்பும்போது கேட்கிற கேள்வி இது: மேடையில் கட்டுரையாக வாசிப்பதா, அல்லது படங்களோடு பெரிய தாளில் மாட்டி, நின்று பார்ப்பவரிடம் விளக்குவதா? எதை ஆராய்ந்தார்கள் என்று தெரிந்தால்தான் பதில் சொல்வேன்.

தோள்சீலைப் போராட்டம், அதாவது மேலாடை அணியும் உரிமைக்காக நாடார் பெண்கள் நடத்திய போராட்டம் என்றால் வாசிப்பதே சரி. 1859-ஆம் ஆண்டின் திருவிதாங்கூர் அரச அறிவிப்பு வரை வாதத்தைப் படிப்படியாக வளர்க்க வேண்டும். போஸ்டரில் அது துண்டுதுண்டாகிவிடும். வாசிக்கத் தரும் நேரம்தான் போதாது.

உதயகிரிக் கோட்டையில் உள்ள டிலனாய் கல்லறையா? தயங்காமல் போஸ்டர் போடுங்கள். குளச்சல் போரில் 1741-இல் தோற்று, பிறகு திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவின் படைத் தளபதியான டச்சுக் கம்பெனிப் படை அதிகாரி அவர். லத்தீனும் தமிழும் பொறித்த அந்தக் கல்லைப் பெரிய படமாக மாட்டினால், பார்ப்பவர் நின்று, ஓர் எழுத்தின்மேல் விரல் வைத்துக் கேட்பார். மேடையில் நாக்கு ஒட்டிக்கொள்ளும் மாணவிகூட அங்கே மளமளவென்று பேசுவாள். நல்ல திருத்தங்களும் அந்தப் பேச்சில்தான் கிடைக்கும். கையில் ஒரு குறிப்பேடு இருக்கட்டும்.