ஆயாவின் சேலையா, ஷ்வேஷ்வேயா: ஒரு குயில்டுக்குத் துணி தேடிய கதை

சென்ற ஆண்டு சுவரில் மாட்டும் குயில்ட் (துணி அடுக்குகளைச் சேர்த்துத் தைக்கும் விரிப்பு) ஒன்றைத் தைத்து முடித்தேன். கருப்பொருள், கரும்புத் தோட்ட வேலைக்காகச் சென்னையிலிருந்து 342 பேரை ஏற்றிக்கொண்டு 1860 நவம்பர் 16 அன்று தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்கு வந்த 'ட்ரூரோ' கப்பல். மேலே வானம், நடுவில் கடலும் கப்பலும், கீழே கரும்புத் தோட்டம். துணிகளை வடிவமாக வெட்டி, இஸ்திரிச் சூட்டில் உருகும் பசைவலையால் அடித்துணியில் ஒட்டி, அதன்மேல் தையல் ஓட்டுகிற வகை வேலை இது. எந்தத் துணியில் வெட்டுவது என்பதில்தான் இரண்டு மாதம் போனது.

ஒரு பக்கம் ஆயாவின் பெட்டியிலிருந்து வந்த ஏழு பழைய சேலைகள். மறுபக்கம் இங்கே தென்னாப்பிரிக்கக் கடைகளில் மீட்டர் கணக்கில் கிடைக்கும் ஷ்வேஷ்வே என்கிற பூவேலை அச்சிட்ட பருத்தித் துணி. சேலைக்குக் காசில்லை, மனசில் பாரம் உண்டு. ஷ்வேஷ்வேக்குக் காசு உண்டு, வெட்டும்போது கை நடுங்காது. இதற்குமேல் இந்த விஷயத்தில் சொல்ல ஒன்றுமில்லை.

நிறத்தில் சேலைதான் ஜெயிக்கும் என்று நினைத்தேன். ராணி இளஞ்சிவப்பு, கிளிப்பச்சை, மாம்பழ மஞ்சள், மயில் கழுத்து என்று தரையில் விரித்தபோது வீடே திருவிழா போலிருந்தது. பிறகு அதைக் கைப்பேசியில் படம் எடுத்து, கறுப்பு வெள்ளைக்கு மாற்றிப் பார்த்தேன். கிளிப்பச்சையும் இளஞ்சிவப்பும் ஒரே சாம்பலாகிவிட்டன. கப்பல் எது, கடல் எது என்று தெரியவில்லை. நிறம் வேறு, வெளிச்ச அளவு வேறு. பத்தடி தள்ளி நின்று பார்ப்பவருக்கு வடிவத்தைக் காட்டுவது இரண்டாவதுதான். நம் சேலைகளில் பல நடுத்தர வெளிச்சத்திலேயே கூச்சல் போடும். மிக இருட்டும் மிக வெளிறலும் குறைவு.

ஷ்வேஷ்வேயின் பழைய நிறங்கள் மூன்றே மூன்று: கருநீலம், பழுப்பு, சிவப்பு. இப்போது வேறு நிறங்களும் வருகின்றன, நான் அவற்றைத் தொடவில்லை. நீலத் துணியில் அமிலம் நிறத்தைத் தின்று வெள்ளைப் புள்ளிகளையும் பூக்களையும் வரவழைக்கிறது. புள்ளி நெருங்கினால் தூரத்தில் வெளிர் நீலம், விலகினால் இருண்ட நீலம். ஒரே சாயத்தில் ஆறேழு படிகள் கிடைத்துவிட்டன. கடலுக்கு இதைவிட என்ன வேண்டும்?

ஆனால் என்னை முடிவெடுக்க வைத்தது நிறமல்ல, இஸ்திரிப்பெட்டி.

தாள் ஒட்டிய பசைவலையைத்தான் நான் பயன்படுத்துகிறேன், கடையில் பாண்டாவெப் என்று கேட்டால் கொடுப்பார்கள். தாளில் வடிவத்தைக் கண்ணாடிப் பிம்பமாகத் தலைகீழாக வரைந்து (முதல் கப்பல் எதிர்த்திசையில் போனது இதை மறந்ததால்), துணியின் பின்பக்கம் வைத்து ஐந்து நொடி அழுத்த வேண்டும். வெட்டி, தாளை உரித்து, அடித்துணிமேல் வைத்து, ஈரத்துணி போர்த்திப் பத்து நொடிக்கும் குறையாமல் அழுத்த வேண்டும். தேய்க்கக் கூடாது, அழுத்தி எடுத்து நகர்த்த வேண்டும். பருத்தி இந்தச் சூட்டைச் சிரித்துக்கொண்டே தாங்கும். சேலைகளோ ஆளுக்கொரு மாதிரி. ஆயாவின் 'பட்டு' என்று நாங்கள் நம்பிய இரண்டு சேலைகளிலிருந்து ஒரு நூலை உருவி நெருப்பில் காட்டினேன். ஒன்றில் முடி கருகும் வாசனை வந்தது, அது பட்டு. இன்னொன்று உருகிக் கறுப்பு மணியாக உறைந்தது, அது பாலியஸ்டர். இந்தச் சோதனை செய்யாமல் முந்தியை இஸ்திரிக்கு அடியில் வைத்திருந்தால் பெட்டியின் அடியோடு போயிருக்கும். புதிய சரிகைகளில் பல பிளாஸ்டிக் இழைதான், சூட்டில் சுருண்டு துணியையே இழுத்துக்கொள்ளும். ஒரு குயில்டில் ஐந்து சேலை என்றால் ஐந்து விதச் சூடு. பக்கத்துத் துண்டை ஒட்டப் போகும்போது ஏற்கெனவே ஒட்டிய பட்டு கருகாமல் காப்பது தனி வேலை.

ஷ்வேஷ்வே இதில் முழுச் சமர்த்து என்று சொல்லமாட்டேன். புதுத் துணி கஞ்சியேறி அட்டை மாதிரி விறைத்து நிற்கும், நாக்கில் வைத்தால் உப்புக் கரிக்கும். அந்தக் கஞ்சியோடுதான் முதல் அலைகளை ஒட்டினேன். மூன்றாம் நாள் காலையில் அலைகள் ஓரங்களில் உரிந்து தொங்கின. பசை நூலுக்குள் இறங்காமல் கஞ்சிமேல் படிந்திருந்தது. கடைக்காரர் 'சும்மா வெட்டி ஒட்டுங்கள்' என்று சொன்னது வேறு கதை, நானும் யோசித்திருக்க வேண்டும். வெந்நீரில் தனியாக, தண்ணீர் தெளியும்வரை அலசி, துணியை மென்மையாக்கும் திரவம் எதுவும் சேர்க்காமல் காயவைத்தபின் ஒட்டியவை இன்றுவரை அசையவில்லை. அலசினால் சுருங்கும், அகலமும் 90 சென்டிமீட்டர்தான், கணக்கைவிடக் கொஞ்சம் கூடுதலாக வாங்கிக்கொள்ளுங்கள். ஈரமான வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள். நீலம் ஒட்டினால் மறுபடி அலசல். இல்லையென்றால் கப்பலின் வெள்ளைப் பாய் நீலப் பாயாகிவிடும்.

பெரிய துண்டுகளுக்குப் பசைவலையை முழுசாக ஒட்டாதீர்கள். நடுப்பகுதியை வெட்டி எடுத்துவிட்டு விளிம்பில் ஒரு விரல் அகலம் விட்டால் போதும். குயில்ட் பலகைபோல் விறைக்காது, தையல் ஊசியிலும் பசை அப்பாது.

ஒன்றை மட்டும் உறுதியாகச் சொல்ல முடியாது. என் குயில்ட் டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில், வடக்கு வெயில் படாத சுவரில் ஓர் ஆண்டுதான் தொங்கியிருக்கிறது. பத்தாண்டு வெயிலில் அந்த நீலம் எப்படி இருக்கும், டர்பனின் ஈரக்காற்றில் பசை பிடிக்குமா என்பதற்கு என்னிடம் அனுபவம் இல்லை.

சேலையை நான் முற்றாக ஒதுக்கவில்லை. கப்பல் தளத்தில் நிற்கும் பெண் ஒருத்திக்கு மட்டும், நகம் அளவில், ஆயாவின் உண்மைப் பட்டிலிருந்து ஒரு சிவப்புத் துண்டு. கேக் சுடப் பயன்படுத்தும் பேக்கிங் தாளை மேலே வைத்து, குறைந்த சூட்டில், கடைசியாக ஒட்டினேன். அவ்வளவு நீலத்துக்கு நடுவே அதுதான் முதலில் கண்ணில் படுகிறது. ஏழு சேலைகளையும் வெட்டியிருந்தால் இந்தச் சிவப்பு தொலைந்திருக்கும்.

அண்ணி இப்போது காவடிக் குயில்ட் ஒன்று கேட்கிறாள். அதற்கு மஞ்சளும் இளஞ்சிவப்பும் இல்லாமல் முடியாது. மற்ற சேலைகளிலும் ஒவ்வொரு நூலாக உருவி மெழுகுவத்தியில் காட்டிக்கொண்டிருக்கிறேன். இதுவரை மூன்று உருகிவிட்டன.