பேஸ் கிட்டார்: உட்கார்ந்து வாசிப்பதா, நின்று வாசிப்பதா?

நாற்காலியில் உட்கார்ந்து பழகும்போது பிசிறில்லாமல் விழுந்த வரி, மேடையில் நின்றதும் தடுமாறுவது பேஸ் வாசிப்பவர்களுக்குப் பழகிய தொல்லை. பதற்றம் என்று சொல்லித் தப்பித்துவிடலாம். பெரும்பாலும் காரணம் அதைவிட எளிது. நின்றவுடன் பேஸ் சில சென்டிமீட்டர் கீழே இறங்குகிறது, கொஞ்சம் இடப்பக்கம் நகர்கிறது, நெக்கின் (இடது கை பிடிக்கும் நீண்ட கழுத்துப் பகுதியின்) சாய்வும் மாறுகிறது. கைகளைப் பொறுத்தவரை அது வேறொரு கருவி. ஆகவே உட்காருவதா நிற்பதா என்ற வாதத்தில் பாதிக்குமேல் ஸ்ட்ராப்பின், அதாவது தோளில் மாட்டும் பட்டையின், நீளத்தைப் பற்றிய வாதம்தான். மிச்சமிருப்பதில் இரண்டு நிலைக்கும் தனித்தனிச் சாதகங்கள் உண்டு. கீழே வரும் இடது வலது எல்லாம் வலக்கைக்காரர்களுக்கானவை. இடக்கைக்காரர்கள் மாற்றிப் படித்துக்கொள்ளலாம்.

இடது மணிக்கட்டு

ஒப்பீட்டை இங்கிருந்துதான் தொடங்க வேண்டும், ஏனென்றால் சாதாரண கிட்டாரில் மன்னிக்கப்படும் தவறு பேஸில் மன்னிக்கப்படாது. 34 அங்குல ஸ்கேல் (கம்பி அதிரும் நீளம்) கொண்ட பேஸில் முதல் ஃப்ரெட்டிலிருந்து (ஃப்ரெட் என்பது நெக்கின் குறுக்கே பதித்த உலோகக் கம்பி) நான்காம் ஃப்ரெட் வரை ஏறத்தாழ 13 செ.மீ. ஐந்திலிருந்து எட்டு வரை 10 செ.மீ.யைக் கொஞ்சம் தாண்டும். 30 அங்குல ஷார்ட் ஸ்கேலில்கூட முதல் நான்கு ஃப்ரெட்டுக்குள் 11 செ.மீ.க்கு மேல் விரிக்க வேண்டியிருக்கிறது. மணிக்கட்டு நேராக இருந்தால் விரல்கள் விரியும், அழுத்தவும் பலம் இருக்கும். மணிக்கட்டு உள்பக்கம் மடங்கினால் பிடியின் பலம் குறைகிறது. மணிக்கட்டின் குறுகிய பாதை வழியாகச் செல்லும் நரம்பின் மேலும் அழுத்தம் ஏறுகிறது. கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மரத்துப்போவது இதன் முதல் அடையாளம்.

உட்கார்ந்திருக்கும்போது பேஸ் இயல்பாகவே உயரமாக, வயிற்றுக்கு அருகில் நிற்கிறது. மணிக்கட்டுக்கு நல்லது. ஆனால் உட்காருவதற்கென்றே ஒரு கெட்ட பழக்கமும் இருக்கிறது: ஃப்ரெட்போர்டைப் பார்ப்பதற்காக பேஸின் மேல் விளிம்பைத் தன் பக்கம் சாய்த்துக்கொள்வது. பத்துப் பதினைந்து டிகிரி சாய்த்தாலே இடது கை நெக்கைச் சுற்றி இன்னும் முன்னால் வர வேண்டியிருக்கும், மணிக்கட்டு மடங்கிவிடும். கூடவே முதுகும் கூன் போடும். பார்க்க வேண்டியது நெக்கின் பக்கவாட்டில் இருக்கும் புள்ளிகளை. அவை போதாதென்றால் நெக்கைச் சற்று முன்னால் தள்ளிப் பிடிக்கலாம், பேஸைச் சாய்க்கக்கூடாது.

நிற்கும்போது இந்த ஆசை குறைவு. தொங்கும் பேஸைச் சாய்த்து வைத்திருப்பது சிரமம், எனவே பார்க்காமல் வாசிக்கும் பழக்கம் சீக்கிரம் வருகிறது. ஆனால் ஸ்ட்ராப் நீளமாக இருந்தால் இடது கை கீழே போய், மணிக்கட்டு மொத்தமாக மடங்குகிறது. முழங்காலுக்கு அருகே பேஸைத் தொங்கவிட்டு வாசித்துப் புகழ்பெற்றவர்கள் உண்டு, ஜாய் டிவிஷன், நியூ ஆர்டர் குழுக்களில் வாசித்த பீட்டர் ஹூக் நல்ல உதாரணம். அவருடைய வரிகள் நெக்கின் மேற்பகுதியில், மெல்லிய கம்பிகளில் நிறைய நடமாடுகின்றன என்பதைக் கவனிக்க வேண்டும். அங்கே ஃப்ரெட்டுகள் நெருக்கமானவை. அந்த உயரத்தை மட்டும் காப்பியடித்துவிட்டு முதல் ஃப்ரெட்டில் நான்கு விரல் விரிப்பவருக்கு வலிதான் மிஞ்சும். எதிர்முனையில் லெவல் 42 குழுவின் மார்க் கிங் பேஸை நெஞ்சுக்கு அருகே கட்டி வேகமான ஸ்லாப் (கட்டைவிரலால் கம்பியை அடிக்கும் முறை) வாசிக்கிறார்.

வலது கை எதிர்த்திசையில் இழுக்கும்

பேஸ் உயர உயர இடது மணிக்கட்டு நேராகும், வலது மணிக்கட்டு மடங்கும். தாழத் தாழ நேர்மாறு. ஆகவே "எவ்வளவு உயரமோ அவ்வளவு நல்லது" என்பது சரியல்ல. இரண்டு மணிக்கட்டும் சுமாராக நேராக நிற்கும் உயரம் ஒன்று ஒவ்வொருவருக்கும் இருக்கிறது. அநேகமாக அது தொப்புளுக்குச் சற்று மேலேயும் கீழேயுமான பகுதிக்குள் விழும்.

உட்கார்ந்து வாசிக்கையில் வலது முன்கையை பாடியின் (பேஸின் உடற்பகுதியின்) மேல் விளிம்பில் முட்டுக்கொடுத்து, கையைக் கீழே தொங்கவிடுவது சகஜம். விளிம்பு கூர்மையான பேஸ் என்றால் அரைமணியில் முன்கை மரத்துப்போகும். முன்கையைச் சற்றுப் பின்னுக்கு இழுத்து, விளிம்பை முழங்கைக்கு அருகே வைத்தால் மணிக்கட்டு நிமிரும். நெக்கை 20 முதல் 30 டிகிரி மேல்நோக்கிச் சாய்த்தாலும் இரண்டு கைக்கும் நிம்மதி. தரைக்கு இணையாக நெக்கைப் பிடிப்பது புகைப்படத்துக்கு அழகு, அவ்வளவே.

ஸ்லாப் வாசிப்பவர்கள் இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். பேஸ் இடுப்பிலோ அதற்கு மேலோ இருந்தால் கட்டைவிரல் கம்பிகளுக்கு இணையாக விழும். தாழ்ந்திருந்தால் கை நீண்டு, கட்டைவிரல் தரையைப் பார்க்கும். இரண்டிலும் நன்றாக வாசிக்கலாம். ஆனால் கோணம் வேறு, அடி விழும் இடமும் வேறு. உட்கார்ந்து ஒரு கோணத்தில் பழகிவிட்டு, நின்று இன்னொரு கோணத்தில் அதே ஒலியை எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான். விரல்களால் மீட்டும் வாசிப்பில் இந்த வித்தியாசம் குறைவு, பிக் பிடித்து வாசிப்பவர்களுக்கு இன்னும் குறைவு.

உங்கள் பேஸின் கொம்பு எங்கே முடிகிறது?

இரண்டு நிலைக்கும் இடையே எவ்வளவு வித்தியாசம் என்பதைப் பாடியின் மேல் கொம்புதான், அதாவது நெக் பக்கமாக நீளும் முனைதான், தீர்மானிக்கிறது. 1951இல் வந்த ஃபெண்டர் பிரிசிஷன், 1960இல் வந்த ஜாஸ் பேஸ் இரண்டிலும் கொம்பு நீளமானது. ஸ்ட்ராப் மாட்டும் பட்டன் கிட்டத்தட்ட 12ஆம் ஃப்ரெட்டுக்கு நேராக வரும். கொம்பு குட்டையாகி, பட்டன் 16ஆம் ஃப்ரெட் பக்கம் போனால் 34 அங்குல ஸ்கேலில் அது 9 செ.மீ. வித்தியாசம். நிற்கும்போது பேஸ் ஏறத்தாழ அத்தனை தூரம் இடப்பக்கம் தள்ளித் தொங்கும், முதல் ஃப்ரெட்டை எட்டிப் பிடிக்க வேண்டும். உட்காரும்போதோ பாடியின் இடுப்பு வளைவு வலது தொடையில் அமர்வதால் கொம்புக்கு அங்கே வேலையே இல்லை. கொம்பு குட்டையான கிப்சன் எஸ்ஜி வடிவப் பேஸ்களும் தண்டர்பேர்டும் வைத்திருப்பவர்களுக்கு உட்காருவதற்கும் நிற்பதற்கும் இடையே ஒரு பெரிய தாவல் இருப்பது இதனால்தான். ஃபெண்டர் வடிவங்களில் அந்தத் தாவல் சிறியது.

இதே குட்டைக் கொம்புப் பேஸ்களில்தான் ஹெட்ஸ்டாக் (நெக்கின் நுனியில் உள்ள தலைப்பகுதி) தரையை நோக்கிச் சாயும் நோயும் அதிகம். பேஸை மாட்டிக்கொண்டு இரண்டு கையையும் எடுத்துப் பாருங்கள். நெக் கீழே போனால், வாசிக்கும்போது இடது கை அதைத் தாங்கிக்கொண்டிருக்கிறது என்று பொருள். தாங்கும் கை வேகமாக நகராது, கை நெக்கில் இடம் மாறும் ஒவ்வொரு தடவையும் நெக் ஆடும். முதல் மருந்து, உள்பக்கம் சொரசொரப்பான தோலால் ஆன அகல ஸ்ட்ராப், 7 முதல் 10 செ.மீ. அது சட்டையில் வழுக்காது. வழவழப்பான 5 செ.மீ. நைலான் பட்டை வழுக்கும். அடுத்தது எடை குறைந்த ட்யூனர்கள் (ஹெட்ஸ்டாக்கில் கம்பியை முறுக்கும் திருகுகள்). வழக்கமான ட்யூனர் ஒன்று சுமார் 100 கிராம் என்றால் இவை 60 கிராம் அளவில் கிடைக்கும். நான்கிலும் சேர்த்துக் குறையும் 160 கிராம் சின்னதாகத் தோன்றலாம், ஆனால் அது நெக்கின் கடைசி முனையில் குறைகிறது. பாடியின் பின்முனையில் எடை கட்டுவதும் வேலை செய்யும், தோள்தான் அதற்கு விலை கொடுக்கும்.

உட்கார்ந்தாலும் சாய்கிற பேஸ்கள் உண்டு. அப்போது வலது முன்கையால் அழுத்திப் பிடிப்பதைவிட, உட்கார்ந்தபடியே ஸ்ட்ராப்பையும் மாட்டிக்கொள்வது மேல். வலது பாதத்துக்கு அடியில் 8 முதல் 10 செ.மீ. உயரப் பலகை வைப்பதும் உதவும். இன்னொரு வழி, கிளாசிக்கல் கிட்டார்காரர்களைப் போல இடது தொடையில் வைத்து நெக்கை நன்றாக மேலே தூக்குவது. இடது கைக்கு இதைவிடச் சௌகரியமான நிலை கிடையாது. 35 அங்குல ஐந்து கம்பிப் பேஸில் கை எட்டவில்லை என்பவர்கள் முதலில் இதைச் செய்து பார்க்கலாம். V வடிவக் கருவிகளையும் உட்கார்ந்து வாசிக்க ஏறக்குறைய இதுதான் வழி: வலது தொடை இரண்டு இறக்கைக்கும் நடுவே நுழைய வேண்டும். 1958இல் வந்த ஃப்ளையிங் V கிட்டாரின் ஓரத்தில், வழுக்காமலிருக்க ரப்பர் பட்டையே ஒட்டியிருந்தார்கள்.

இரண்டு நிலையையும் ஒன்றாக்கும் ஸ்ட்ராப்

"உட்கார்ந்து ஸ்ட்ராப்பை இறுக்கிக்கொள், பிறகு எழுந்து நில்" என்பது எல்லோரும் சொல்லும் அறிவுரை. நல்ல அறிவுரை, ஆனால் அரைகுறை. முழுதாகச் செய்தால் இப்படி வரும்.

கைப்பிடி இல்லாத நாற்காலி, தொடை தரைக்கு இணையாக இருக்கும் உயரம். சோபா உதவாது: முழங்கால் இடுப்பைவிட உயர்ந்து, பேஸ் வயிற்றுக்குள் சரியும். நிமிர்ந்து உட்கார்ந்து, பேஸை வலது தொடையில் வைத்து, நெக்கை மேல்நோக்கிச் சாய்த்து, சௌகரியமான இடம் எது என்று முதலில் கண்டுபிடியுங்கள். பிறகு ஸ்ட்ராப்பை, தொடையின் மேலிருந்து எடை லேசாகக் குறையும் வரை இறுக்குங்கள். எழுந்து நின்றால் பேஸ் இரண்டு மூன்று செ.மீ. கீழே இறங்கும். தொடையின் தாங்கல் போய்விட்டது, முழு எடையும் ஏறியதும் ஸ்ட்ராப்பும் கொஞ்சம் இழுபடுகிறது. அந்த இரண்டு மூன்று செ.மீ.யைத்தான் வழக்கமான அறிவுரை விட்டுவிடுகிறது. அந்த அளவு இன்னும் இறுக்குங்கள். முதல் ஃப்ரெட்டில் ஒரு வரி, 12ஆம் ஃப்ரெட்டுக்கு மேலே ஒரு வரி வாசித்துப் பாருங்கள். திருப்தியானால் ஸ்ட்ராப்பில் அந்த இடத்தைப் பேனாவால் குறித்துவிடுங்கள். துளை போட்ட தோல் ஸ்ட்ராப்பில் இந்த நுணுக்கம் வராது, துளைகளின் இடைவெளி பெரிது. கொக்கி நகரும் வகைதான் ஏற்றது.

ஃப்ரெட்லெஸ் (ஃப்ரெட் இல்லாத பேஸ்) வாசிப்பவர்கள் இதில் கறாராக இருக்க வேண்டும். கண் பார்க்கும் கோணம் மாறினால் பக்கவாட்டுக் கோட்டுக்கு நேராக விரல் இருப்பதுபோலத் தோன்றும் இடமும் மாறும். உட்கார்ந்து சுருதி சேர்ந்த விரல் நின்றால் அரைக்கால் சுருதி விலகி நிற்பதற்கு அதுவே போதும்.

காது, முதுகு, நேரம்

தரையில் வைத்த ஸ்பீக்கரின் எதிரே உட்காருபவருக்கு அதன் மேல் அலைவரிசைகள் நன்றாகக் கேட்கும். நிற்பவருக்கு அவை முழங்கால் உயரத்திலேயே போய்விடும், ஏனென்றால் உயர்ந்த ஒலிகள் நேர்கோட்டில் ஒடுங்கிச் செல்பவை. தாழ்ந்த ஒலிகள் எல்லாப் பக்கமும் பரவும். திறந்த E கம்பி 41 ஹெர்ட்ஸ்தான். விளைவு: உட்கார்ந்து அமைத்த டோன் நின்றதும் மந்தமாகக் கேட்கிறது, வாசிப்பவர் டிரெபிளை (உயர்ந்த ஒலிகளின் அளவை) ஏற்றுகிறார், எதிரே உட்கார்ந்திருப்பவர்களின் காது கிழிகிறது. ஸ்பீக்கர் பெட்டியைப் பின்னால் சாய்த்து வையுங்கள், அல்லது உயர்த்தி வையுங்கள். டோனை எந்த நிலையில் வாசிக்கப்போகிறீர்களோ அந்த நிலையில் அமையுங்கள்.

உடம்பின் களைப்பில் இரண்டும் சமம் அல்ல, வேறு வேறு. நான்கு கிலோ பேஸ் நிற்பவரின் இடது தோளையும் கழுத்தையும் தின்னும். உட்காருபவரின் இடுப்புக்கு மேலே முதுகு வலிக்கும், ஏனென்றால் அவர் அசைவதில்லை. நிற்பவர் முழங்காலைப் பூட்டாமல் எடையை இந்தக் கால் அந்தக் கால் என மாற்றிக்கொண்டிருந்தால் இரண்டு மணிநேரம் தாக்குப்பிடிக்கலாம். உட்காருபவர் அரைமணிக்கு ஒருமுறை எழ வேண்டும். பெடல்களை மிதிக்க, பாட, சக வாத்தியக்காரர்களின் கண்ணைப் பார்க்க நிற்பதே வசதி. நோட்டேஷன் பார்த்துப் புது வரி கற்க, ஒலிப்பதிவில் ஒரே பகுதியைத் திரும்பத் திரும்ப வாசிக்க உட்காருவது நல்லது. மேடையில் உட்கார்ந்தால் உயிர்ப்பு போய்விடும் என்ற பேச்சுக்கு ஆறு கம்பிப் பேஸின் முன்னோடி ஆண்டனி ஜாக்சனே பதில். மேடையிலும் அவர் உட்கார்ந்துதான் வாசித்தார்.

பயிற்சியைப் பிரிக்கும் விதம் மேடையைப் பொறுத்தது. நின்று வாசிக்கப்போகிறவர் புது வரியை உட்கார்ந்து கற்கட்டும். விரல்கள் வழியைக் கண்டுபிடித்ததும் எழுந்துவிட வேண்டும். வேகத்தை ஏற்றுவது, முழுப் பாட்டையும் ஓட்டிப் பார்ப்பது இரண்டும் நின்றபடி.

நடுவழியாக உயரமான ஸ்டூலும் இருக்கிறது, 65 முதல் 75 செ.மீ. ஒரு கால் தரையில், ஒரு கால் ஸ்டூலின் குறுக்குக் கம்பியில். டபுள் பேஸ்காரர்கள் பலர் இப்படித்தான் அமர்கிறார்கள். முதுகுக்கு நாற்காலியைவிட நல்லது, தோளுக்கு நிற்பதைவிட நல்லது. ஆனால் தொடை முன்னோக்கிச் சரிவதால் பேஸ் வழுக்கும். ஸ்ட்ராப் இல்லாமல் ஸ்டூலில் உட்காராதீர்கள்.

கேபிள் ஜாக் பாடியின் ஓரத்தில் இருக்கும் பேஸை உட்கார்ந்து வாசித்தால், நேராக நீட்டிக்கொண்டிருக்கும் பிளக் தொடையிலோ நாற்காலியிலோ முட்டி, சாக்கெட்டை நாளடைவில் தளர்த்திவிடும். அதற்கு L வடிவ பிளக் போதும். நின்று வாசிப்பவர் எந்த பிளக்கானாலும் கேபிளை ஸ்ட்ராப்புக்கும் பாடிக்கும் நடுவே ஒரு சுற்று விட்டு மாட்ட வேண்டும், யாராவது மிதித்தாலும் பிளக் பிடுங்கிக்கொண்டு வராது. ஸ்ட்ராப் பட்டனின் ஸ்க்ரூ சுற்றிக்கொண்டே இருக்கிறது, இறுகவில்லை என்றால் துளை தேய்ந்துவிட்டது. மரப்பசை தடவிய பல்குத்தும் குச்சிகளைத் துளையில் நெருக்கமாகச் செருகி, ஒரு நாள் காயவிட்டு, நீட்டியிருப்பதை வெட்டிவிட்டு ஸ்க்ரூவைத் திரும்ப ஏற்றுங்கள்.