செட்டிகுளத்துச் சோளமும் வெள்ளவத்தை மழையும்

வவுனியாவில் மேட்டுநிலம் வாங்கியிருக்கும் நண்பர் ஒருவர், வருகிற காலபோகத்துக்கு (ஐப்பசி மழையோடு விதைக்கும் போகம்) கலப்பினச் சோளம் போடுவதா, விளைந்த மணியையே மறுபடி விதைக்கக்கூடிய விவசாயத் திணைக்களத்தின் ‘ருவன்’ இனம் போடுவதா என்று சென்ற வாரம் கேட்டார். செட்டிகுளத்தில் இரண்டு ஏக்கரில் 2016 முதல் இரண்டையும் அருகருகே விதைத்து வருகிறேன் என்பதால், அரை மணி நேரத்தில் சொல்லி முடித்துவிடலாம் என்று நினைத்தேன். பேச்சு யூரியாவுக்குத் திரும்பியதும் எனக்குக் கோபம் வந்துவிட்டது. அதனால் ஆறிய பிறகு எழுதுகிறேன்.

முதலில் நியாயமானதைச் சொல்லிவிடுகிறேன். இறக்குமதிக் கலப்பினம் ஒரே உயரமாக வளர்கிறது, பொத்திகள் ஒரே மட்டத்தில் பிடிக்கின்றன, மணி நுனிவரை நிரம்புகிறது. நல்ல மழை கிடைத்த ஆண்டில் என் நிலத்தில் ஏக்கருக்கு 1,900 கிலோ வரை தந்தது. ருவன் 1,200 கிலோவைத் தாண்டியதில்லை. கோழித்தீனுக்கு வாங்க வருபவர்கள் இன்ன இனமென்று கேட்பதில்லை, தராசைத்தான் பார்க்கிறார்கள்.

என் ஓயாத எரிச்சல் விதையைப் பற்றியதன்று. பயிர் வளரும்போது இடும் யூரியாவான மேற்கட்டுப் பசளைக்கு ‘நான்காம் வாரம்’ என்று எல்லோரும் மனப்பாடமாகச் சொல்லும் நாட்கணக்கைப் பற்றியது. நீர்ப்பாசனம் உள்ளவருக்கு அது பொருந்தும். யூரியாவைப் போட்டு வாய்க்காலைத் திறந்துவிட்டால் முடிந்தது. மழையை மட்டும் நம்பியவனுக்கு நான்காம் வாரம் என்பது வானம் ஒப்புக்கொண்டால் மட்டுமே வரும் ஒரு நாள்.

ஓர் ஆண்டு ஐப்பசி மழையோடு விதைத்து இருபத்தெட்டாம் நாள் வந்தது. அன்று மாலை நான் இருக்கும் கொழும்பு வெள்ளவத்தையில் காலி வீதி முழுவதும் வெள்ளம். அந்த உற்சாகத்தில், நிலத்தைப் பார்த்துக்கொள்ளும் அண்ணருக்கு அழைத்து, நாளைக் காலை யூரியாவைப் போட்டுவிடுங்கள் என்றேன். “இஞ்சை துளியும் இல்லைத் தம்பி, கொழும்பு மழையைப் பார்த்துச் சொல்லாதேங்கோ” என்றார். நான் கேட்கவில்லை. ஐப்பசி, கார்த்திகையின் இடிமழை ஒரு குளத்தின் இந்தப் பக்கம் பெய்து அந்தப் பக்கத்தைக் காயவிடும் என்பது தெரிந்திருந்தும், இருநூற்றைம்பது கிலோமீற்றருக்கு அப்பால் இருந்துகொண்டு கட்டளையிட்டேன். கூலிக்கு ஆள் கிடைக்காததால் மண்ணால் மூடவும் இல்லை; வரிசைக்கு நடுவே தூவியதோடு சரி.

அதன் பிறகு ஒன்பது நாட்கள் மழையில்லை, பனி மட்டும் விழுந்தது. யூரியாவுக்கு முழு வரட்சியைவிட இது கெடுதலானது. பனியில் யூரியா மணிகள் கரைந்து மண்ணின் மேற்பரப்பிலேயே தங்கும். மண்ணிலும் சருகிலும் உள்ள யூரியேஸ் என்னும் நொதியம் அதை அமோனியாவாக உடைக்கும். வெயில் ஏற ஏற அது காற்றோடு போய்விடும். ஓர் அந்தர், அதாவது ஐம்பது கிலோ, யூரியாவில் 23 கிலோ நைதரசன் இருக்கிறது. ஏக்கருக்கு இரண்டு அந்தர் போட்டிருந்தேன். அதில் எவ்வளவு வேருக்குப் போனது என்பதைப் பயிரே காட்டியது: அடி இலைகளில் நுனியிலிருந்து நடு நரம்பு வழியே ஆப்பு வடிவில் மஞ்சள் இறங்கியிருந்தது. விளிம்பு கருகியிருந்தால் பொட்டாசியம் என்று மனதைத் தேற்றியிருப்பேன், இது நைதரசனேதான்.

அதிலிருந்து நாளை எண்ணுவதை விட்டுவிட்டோம், இலையை எண்ணுகிறோம். தண்டைச் சுற்றிக் கழுத்து தெரியும்படி முழுதாக விரிந்த இலைகளை மட்டும் அண்ணர் எண்ணிச் சொல்வார். அதுவரை மண்ணுக்குள்ளே இருந்த குருத்தின் வளர்முனை ஆறாம் இலையளவில்தான் மேலே ஏறத் தொடங்குகிறது. பயிர் நைதரசனை வேகமாக இழுக்கும் காலம் அங்கிருந்து ஆண் பூ வெளிவரும் வரை. ஆகவே ஆறு இலையில் ஒரு பங்கு, ஆண் பூவுக்குச் சற்று முன் மறு பங்கு என்று பிரித்துவிட்டோம். கார்த்திகை, மார்கழி அடைமழை, மண்ணில் நைதரேற்றாக மாறிய நைதரசனை வேருக்குக் கீழே கழுவிச் சென்றாலும் பாதியாவது கையில் இருக்கும். செடியிலிருந்து ஒரு சாண் தள்ளிக் கீறி, யூரியாவை இட்டு, மண் அணைக்கும்போதே மூடுவோம். குருத்துக்குள் விழுந்தால் இலை கருகும். வேலியில் ஒரு மழைமானி நட்டிருக்கிறோம். மூடிய யூரியாவென்றாலும் பன்னிரண்டு மில்லிமீற்றராவது பெய்தால்தான் எனக்கு உறக்கம் வரும்.

விதைப்பு பிந்திப் பூக்கும் காலம் வரட்சியில் சிக்கினால் இந்தப் பாடெல்லாம் வீண். 2016/17 வரட்சியில் ஆண் பூ மகரந்தத்தை உதிர்த்து முடித்த பின்னரே பொத்தியில் அதை ஏற்கும் மயிர் வந்தது. உரித்துப் பார்த்தால் பொக்கை வாய்போல இங்கொன்றும் அங்கொன்றுமாக மணி. எந்தப் பசளையும் அதைச் சரிசெய்யாது.

2021 மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டது. நவம்பரில் தடை நீங்கியபோது என் சோளம் ஆறாம் வாரத்தில் நின்றது. கடையில் யூரியா இல்லை. அந்தப் போகத்தில் கலப்பினத்துக்கும் ருவனுக்கும் எடையில் பெரிய வேறுபாடு இருக்கவில்லை, இரண்டுமே பரிதாபம். ஆனால் ருவனின் நடு வரிசைகளிலிருந்து நல்ல பொத்திகளைத் தெரிந்தெடுத்து விதைக்கு வைக்க முடிந்தது. கலப்பினத்தின் மணியை மறுபடி விதைத்தால் பிள்ளைகள் பெற்றோரைப் போல வராமல் ஆளுக்கொரு உயரத்தில் நிற்கும், விளைச்சலும் விழும். கலப்பினத்துக்கு அடுத்த ஆண்டு விதை வாங்கவும் கையில் காசு வேண்டியிருந்தது.

நண்பரிடம் கலப்பினத்தையே வாங்கச் சொன்னேன். அவர் நிலத்தருகிலேயே குடியிருக்கப் போகிறார். இலையையும் வானத்தையும் ஒரே முற்றத்திலிருந்து பார்க்கலாம். நான் இம்முறை இரண்டு ஏக்கரிலும் ருவன்தான் போடுகிறேன். ஏன் என்று கேட்டவரிடம் ஒன்பது போகக் கணக்குக் கொப்பியை விரித்தேன். பக்கத்துக்குப் பக்கம் கலப்பினமே முன்னால் நின்றது. பார்த்துவிட்டுச் சிரித்தார். அண்ணர் வீட்டு அடுப்படிப் பரணில் விதைப் பொத்திகள் ஏற்கெனவே தொங்கிக்கொண்டிருக்கின்றன.