கவுட் வலிக்கு எந்த மாத்திரை? கோல்கிசின், நாப்ராக்சன், பிரெட்னிசோலோன்: ஓர் ஒப்பீடு

கவுட் என்பது யூரிக் ஆசிட் உப்பு மூட்டில் படிவதால் வரும் மூட்டுவலி. கால் பெருவிரல் மூட்டு சிவந்து வீங்கி, போர்வை பட்டாலே உயிர் போகிற மாதிரி வலிக்கும்போது எல்லோரும் கேட்பது, "இருக்கிறதிலேயே பவரான மாத்திரை எது?" என்றுதான். கோல்கிசின், நாப்ராக்சன் போன்ற வலி மாத்திரைகள், பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு ஆகிய மூன்றும் சரியான டோஸில் ஏறக்குறைய ஒரே அளவுக்கு வலியைக் குறைப்பவை. 2008-ல் வெளியான ஓர் ஆய்வில் பிரெட்னிசோலோன் தினம் 35 மி.கி. ஒரு பிரிவுக்கும், நாப்ராக்சன் 500 மி.கி. இருவேளை இன்னொரு பிரிவுக்கும் ஐந்து நாள் கொடுத்தார்கள். பலன் சமம். அதனால் மருந்தைத் தீர்மானிப்பது உங்கள் சிறுநீரகம், வயிறு, இதயம், சுகர், அதோடு நீங்கள் ஏற்கெனவே விழுங்கிக்கொண்டிருக்கும் மாத்திரைகள்.

கோல்கிசின்

வலி தொடங்கி 12 மணி நேரத்துக்குள் போட்டால் நன்றாக வேலை செய்யும். நாள் கடந்தால் பலன் குறையும். 0.5 மி.கி. மாத்திரை இரண்டு, ஒரு மணி நேரம் கழித்து இன்னும் ஒன்று. அன்றைக்கு அவ்வளவுதான். மறுநாளிலிருந்து வலி அடங்கும்வரை ஒருவேளையோ இருவேளையோ 0.5 மி.கி. வயிற்றுப்போக்கு வரும்வரை மணிக்கொரு மாத்திரை போடுவது பழைய முறை. மொத்தம் 4.8 மி.கி. கொடுத்ததையும் 1.8 மி.கி. கொடுத்ததையும் ஒப்பிட்டபோது வலி குறைந்ததில் வித்தியாசமில்லை, பேதி மட்டும் பல மடங்கு கூடியது. இன்னும் அந்தப் பழைய கணக்கில் யாராவது சொன்னால் தயவுசெய்து கேட்காதீர்கள். கோல்கிசின் அளவு மிஞ்சினால் எலும்பு மஜ்ஜையும் இதயமும் பாதிக்கப்படும். டயாலிசிஸ் செய்தும் அதை வெளியேற்ற முடியாது.

கிளாரித்ரோமைசின் (ஆன்டிபயாட்டிக்), கீட்டோகோனசோல் (பூஞ்சை மருந்து), சைக்ளோஸ்போரின் (நோய் எதிர்ப்பை அடக்கும் மருந்து), டில்டியசெம், வெராபமில் (பிரஷர், இதய மருந்துகள்) ஆகியவை கோல்கிசின் உடலை விட்டு வெளியேறும் வழியை அடைக்கின்றன. சாதாரண டோஸே விஷ டோஸ் ஆகிவிடும். சிறுநீரகம் பழுதானவர்களுக்கும் இதே ஆபத்து. கொழுப்புக்கு ஸ்டாட்டின் எடுப்பவர்களுக்குத் தசைவலியோ சோர்வோ வந்தால் கோல்கிசினை நிறுத்திவிட்டு டாக்டரைப் பார்க்க வேண்டும்.

நாப்ராக்சன் வகை

இளம் வயது, நல்ல சிறுநீரகம், குடல்புண் இல்லாத வயிறு என்றால் இதுவே எளிய தேர்வு. முழு டோஸில் தொடங்கி, வலி அடங்கிய ஓரிரு நாளில் நிறுத்தலாம். வயிற்றைக் காக்க ஒமிப்ரசோல் 20 மி.கி. சேர்ப்பது நல்லது. எட்டோரிகாக்சிப் 120 மி.கி. (அதிகபட்சம் எட்டு நாள்) வயிற்றுக்குச் சற்று மென்மை. ஆனால் சிறுநீரகத்துக்கும் இதயத்துக்கும் அந்தச் சலுகை இல்லை, பிரஷரையும் ஏற்றும்.

பெரிய சிக்கல் பிரஷர் மாத்திரையோடு சேரும்போது. சிறுநீரக வடிகட்டிக்கு ரத்தம் கொண்டுவரும் குழாயை வலி மாத்திரை சுருக்குகிறது. ரத்தம் வெளியேறும் குழாயை ராமிப்ரில், டெல்மிசார்ட்டன் போன்ற பிரஷர் மாத்திரைகள் விரிக்கின்றன. சிறுநீர் மாத்திரை உடலின் நீரையே குறைக்கிறது. மூன்றும் சேர்ந்தால் வடிகட்டிக்குள் அழுத்தம் விழுந்து, சில நாளிலேயே ரத்தத்தில் கிரியாட்டினின் (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவு) ஏறிவிடலாம். இடையில் வாந்தி பேதி வந்தால் இன்னும் மோசம். ரத்தம் உறையாமல் இருக்க மருந்து எடுப்பவர்கள், இதயம் செயலிழந்தவர்கள் இந்த வகையைத் தொடவே வேண்டாம். வேறு பெயரில் இருக்கும் இரண்டு வலி மாத்திரைகளைச் சேர்த்துப் போடுவதும் இதே தவறுதான்.

பிரெட்னிசோலோன்

முதல் இரண்டும் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு, குறிப்பாகச் சிறுநீரக நோயாளிகளுக்கு, இதுதான் முதல் தேர்வாக இருக்க வேண்டும் என்பது எங்கள் கருத்து. ஸ்டீராய்டு என்ற பெயருக்கே பலர் பயப்படுகிறார்கள். காலை உணவுக்குப் பின் 30–35 மி.கி., ஐந்து நாள். இவ்வளவு குறுகிய காலத்துக்குப் படிப்படியாகக் குறைக்க வேண்டியதில்லை. சுகர் உள்ளவர்கள் கவனிக்க: காலையில் போட்ட மாத்திரை மதியத்திலிருந்து இரவுவரைதான் சுகரை அதிகம் ஏற்றும். வெறும் வயிற்றில் மட்டும் பார்த்தால் ஏற்றம் கண்ணில் படாது. காய்ச்சலோடு ஒரே மூட்டு வீங்கியிருந்தால், மூட்டு நீரை எடுத்துக் கிருமி இல்லை என்று உறுதி செய்த பிறகே ஸ்டீராய்டு.

அல்லோபியூரினாலா, ஃபெபுக்சோஸ்டாட்டா?

மேலே சொன்ன மூன்றும் வலிக்கு. யூரிக் ஆசிட்டைக் குறைப்பது வேறு வேலை. அல்லோபியூரினாலே முதல் தேர்வு. தினம் 100 மி.கி.யில் (சிறுநீரகக் குறைபாட்டில் 50) தொடங்கி, ரத்தத்தில் டெசிலிட்டருக்கு 6 மி.கி.க்குக் கீழே யூரிக் ஆசிட் இறங்கும்வரை சில வாரங்களுக்கு ஒருமுறை ஏற்ற வேண்டும். பலர் 100-லேயே வருடக்கணக்கில் நின்றுவிட்டு, மருந்து கேட்கவில்லை என்கிறார்கள். தோலில் தடிப்போ வாய்ப்புண்ணோ வந்தால் அன்றே நிறுத்த வேண்டும். எச்எல்ஏ-பி*5801 மரபணு உள்ளவர்களுக்கு இந்த ஒவ்வாமை உயிருக்கே ஆபத்தாகலாம்.

அது ஒத்துக்கொள்ளாதபோது ஃபெபுக்சோஸ்டாட். 2018-ல் வந்த ஆய்வில் இதய மரணம் அல்லோபியூரினாலைவிட இதில் சற்றுக் கூடுதலாகத் தெரிந்தது. 2020-ல் வந்த இன்னொன்றில் தெரியவில்லை. இதய நோய் இருந்தால் டாக்டரிடம் பேசிய பிறகே. அசதியோபிரின் (நோய் எதிர்ப்பை அடக்கும் மருந்து) எடுப்பவர்களுக்கு இரண்டுமே ஆபத்து.

எதைத் தொடங்கினாலும், படிந்த உப்பு கரையும் முதல் சில மாதங்களில் வலி திரும்ப வரும். அதற்காகத்தான் மூன்று முதல் ஆறு மாதம் கோல்கிசின் 0.5 மி.கி. துணைக்குத் தருகிறார்கள். அந்த வலியைப் பார்த்து அல்லோபியூரினாலை நிறுத்தாதீர்கள். வலி உச்சத்தில் இருக்கும்போது யூரிக் ஆசிட் சரியாக இருப்பதுபோலக் காட்டலாம். வலி அடங்கி இரண்டு வாரம் கழித்துப் பரிசோதனையைத் திரும்பச் செய்யுங்கள்.