நீக்கமும் விலகலும்

1962 ஜூலையில் பிரிட்டிஷ் பிரதமர் ஹெரால்டு மேக்மில்லன், நிதியமைச்சர் செல்வின் லாயிடு உட்பட ஏழு பேரை, அதாவது அமைச்சரவையில் மூன்றில் ஒரு பங்கினரை, ஒரே வீச்சில் வீட்டுக்கு அனுப்பினார். விசுவாசத்துக்குப் பேர்போன லாயிடுக்கே இந்தக் கதி என்பது கட்சிக்காரர்களை உறுத்தியது. லாயிடு அவைக்குள் நுழைந்தபோது ஆரவாரித்த கன்சர்வேட்டிவ் உறுப்பினர்கள், மேக்மில்லன் நுழைந்தபோது வாய்திறக்கவில்லை.

அடுத்த ஆண்டு இந்தியாவில், மூத்த தலைவர்கள் பதவி துறந்து காங்கிரஸ் கட்சிப் பணிக்குத் திரும்ப வேண்டும் என்ற காமராஜர் திட்டத்தின்படி நேருவின் அமைச்சர்கள் ஆறு பேரும், காமராஜர் உள்ளிட்ட ஆறு முதலமைச்சர்களும் விலகினர். எண்ணிக்கையில் பெரியது இதுவே. ஆயினும் திட்டம் வகுத்தவரே நாற்காலியைத் துறந்ததால், தொண்டர்கள் பலருக்கு அது தியாகமாகத் தெரிந்தது. விலகிய அமைச்சர்களில் ஒருவரான மொரார்ஜி தேசாயோ தம்மை ஓரங்கட்டும் சூழ்ச்சி என்றே கருதினார். அவருடன் விலகிய லால் பகதூர் சாஸ்திரி மட்டும் 1964 ஜனவரியிலேயே அமைச்சரவைக்குத் திரும்பியதைப் பார்த்தால், அந்தச் சந்தேகத்தை முற்றிலும் தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை.