மலைக்கு ஏறும் மீனில் மத்தியா, சூடையா?

வத்தலக்குண்டு வழியாகக் கொடைக்கானலுக்கு ஏறிவரும் மீனில் மத்தியை வாங்குவதா, சூடையை வாங்குவதா என்று நெடுநாள் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு, இப்போது சூடையில் நிலைத்திருக்கிறோம். விலையும் முள்ளும் இதற்குக் காரணமல்ல. காரணம் மத்தியின் கொழுப்பு.

இரண்டும் கரையோரத்தில் கூட்டமாகத் திரியும் சாளை இனங்கள். இரண்டுக்கும் வயிற்றின் அடியில் அரம்போன்ற செதில்கள் உண்டு. உண்மையான வேறுபாடு செவுளுக்குள் இருக்கிறது. உணவை வடிகட்டும் சீப்புப் பற்கள் போன்ற இழைகள், மத்தியின் செவுள் வளைவின் கீழ்ப்பகுதியில் 150க்கும் மேல் நெருக்கமாக அமைந்திருக்கும். சூடைக்கு ஏறக்குறைய 45 முதல் 59 வரைதான். அதனால்தான் தென்மேற்குப் பருவமழையின்போது அடிக்கடலின் சத்துநீர் மேலெழுந்து, டயட்டம் எனும் நுண்பாசி பெருகும் கேரளக் கரையில் மத்தி அதை அள்ளி வடித்து உண்டு, ஐப்பசி, கார்த்திகையில் நெய் வடியும் அளவுக்குக் கொழுக்கிறது. சூடை நுண்பாசியோடு இறால் வகைக் குஞ்சுகளையும் தின்னும். அந்த அளவுக்குக் கொழுப்பதில்லை.

அந்தக் கொழுப்புதான் மத்தியின் சுவை. மலைக்கு வந்து சேர்வதற்குள் அதுவே குறையாகிவிடுகிறது. ஒமேகா 3 நிறைந்த எண்ணெய் காற்றுப் பட்டதும் சிக்கு வாடை பிடிக்கத் தொடங்கும். உறையவைத்தால் நுண்ணுயிர்கள் அடங்குமே தவிர, இந்தச் சிதைவு மெதுவாகத் தொடரும். இரை நிரம்பிய மத்தியின் செரிமான நொதிகள் அதன் வயிற்றையே கரைத்து உடைத்துவிடுவதும் உண்டு. நாங்கள் உறைபெட்டியில் வைத்த மத்தி பத்து நாளில் மஞ்சளித்தது. அதே பெட்டியிலிருந்த சூடை குழம்புக்கு நன்றாகவே இருந்தது. மழைக்காலச் சூடையை மட்டும் ஓரிரு முறைதான் வாங்கியிருக்கிறோம்; அதை வைத்து உறுதியாகச் சொல்வதற்கில்லை.

மலைக் குளிரே மீனைக் காக்கும் என்று எண்ணி ஐஸை விட்டுவிடுவது இரண்டு மீனுக்கும் ஆபத்து. இங்குள்ள 12 டிகிரிக் குளிர், உருகும் ஐஸின் 0 டிகிரிக்கு ஈடாகாது. அந்த வெப்பத்தில் நுண்ணுயிர்கள் உண்டாக்கும் ஹிஸ்டமின் எனும் நச்சுப்பொருள், எவ்வளவு கொதிக்கவைத்தாலும் அழியாது. அப்படிப்பட்ட மீனைத் தின்றால் முகம் சிவந்து உடல் தடித்துவிடும்.

வாங்கும்போது பிரித்தறிவது எளிது. மத்தி நீண்ட தலையும் உருண்ட உடலும் உடையது; செவுள் மூடியின் பின்விளிம்பில் கரும்புள்ளி தெரியும். சூடை பக்கவாட்டில் தட்டையானது. கார்த்திகையில் வயிறு விறைப்பாக, ஐஸில் புதைந்த மத்தி கிடைத்தால் அதையும் வாங்கி, அன்றிரவே வறுத்துவிடுகிறோம்.